முள் என்னுடையது என்றவர்

தான் செய்யாத தவறை ஒருவர் ஊரார் முன்னிலையில் தன்னுடையது என்று ஏற்றுக்கொள்கிறார். செய்தவன் அதே கூட்டத்தில், நான்கடி தள்ளி, கைகட்டி நிற்கிறான். அந்த மௌனத்துக்கான தண்டனையை யார் கொடுப்பது? நாகலாபுரத்திலிருந்து பிச்சாட்டூர் போகும் வழியில் உள்ள எங்கள் ஊர் ஏரியின் மதகடியில், ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் இந்தக் கேள்வி என் முன்னே வந்து நின்றது. நின்றுகொண்டிருந்தவன் நான். ஏற்றுக்கொண்டவரின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அவர் பெயர் ஒருமுறை எழுதக்கூடாத இடத்தில் எழுதப்பட்டுவிட்டது. இரண்டாம் முறை அவரைக் கேட்காமல் எழுத எனக்கு உரிமை இல்லை.

பத்தாம் வகுப்பு வரை நாங்கள் ஒரே வகுப்பு. நேரில் 'நீ', 'வாபா', 'போபா' என்று பேசிக்கொண்டவர்கள்தான். எழுதும்போது மட்டும் 'அவர்' என்றே வருகிறது. நான் திருப்பதியில் சமூகப்பணி படித்துவிட்டு, புத்தூரில் பள்ளியை விட்ட பிள்ளைகளுக்காக இயங்கும் ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். அவர் தடாவுக்குப் பக்கத்தில் கார் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலையில் சேர்ந்தார். மூன்று ஷிஃப்ட் வேலை, ஞாயிறு விடுமுறை. விடுமுறை நாளில் அவர் தூண்டிலோடு ஏரியில் இருப்பார். நான் போனால் ஒரு ஓரமாக நின்று எறிந்து பழகுவேன்.

எங்கள் ஏரியில் அவர் பிடித்தது விரால் மட்டும். உயிருள்ள தவளையைக் கோத்துப் போடுவது அவருக்குப் பிடிக்காது. தேய்ந்துபோன ரப்பர் செருப்பின் அடியை வெட்டித் தவளை செய்வார். சைக்கிள் டியூபைக் கீறிக் கால் வைப்பார். இரட்டைத் தூண்டில் முள்ளை அதன் முதுகோடு ஒட்டி மேல்நோக்கி வைத்துக் கட்டுவார். அப்படிக் கட்டினால் அல்லி இலை மேலே இழுத்துக்கொண்டு வரும்போது எதிலும் சிக்காது. மீன் கவ்வி அழுத்தும்போதுதான் முள் வெளியே வரும். எறிவதிலும் அவசரம் கிடையாது. விரால் காற்றுக் குடிக்க மேலே வந்து போன வளையத்தைப் பார்த்துவைத்துக்கொண்டு, அதற்கு ஒரு பாகம், இரு கை விரித்த நீளம், அப்பால் எறிந்து, இலையிலிருந்து இலைக்குத் தாவவிட்டு, நடுவில் நிறுத்தி, மறுபடி இழுப்பார். நான் வேகமாகச் சுற்றினால் கேலி செய்வார்.

"இன்னாபா, தவள நீந்திக்கினு வருதா, ஷேர் ஆட்டோல வருதா? மெதுவா இஸ்துகினு வா."

மீன் அடித்த கணத்தில் கோலைத் தூக்கக்கூடாது என்பது இந்த மீன்பிடியின் முதல் பாடம். தூக்கினால் தவளை வாயிலிருந்து வெறுமனே வழுக்கி வந்துவிடும். மனதுக்குள் மூன்று எண்ண வேண்டும். "விராலு வாய்ல போட்டுக்கினு கொஞ்சம் யோசிக்கும்பா. யோசிக்க உடு. நீ மட்டும் தான் படிச்சவனா?" என்பார்.

ஆனால் அவரை நான் நினைவில் வைத்திருப்பது மீன் பிடித்ததற்காக அல்ல. முள் பொறுக்கியதற்காக. ஏரிக்கு வந்ததும் முதல் வேலையாகக் கரையை ஒரு சுற்று நடப்பார். சென்னையிலிருந்து காரில் வருகிறவர்கள் அறுத்துவிட்டுப் போன தூண்டில் நரம்பு, கருவேல மரத்தில் மாட்டித் தொங்கும் தூண்டில், சேற்றில் கிடக்கும் துருப்பிடித்த முள், எல்லாவற்றையும் எடுத்து ஊறுகாய் பாட்டிலில் போட்டுக்கொள்வார். அதன் பிறகுதான் கோலை எடுப்பார். தன் முட்களிலும், நுனிக்குக் கீழே பின்னோக்கி நீண்டிருக்கும் கூரைக் கட்டிங் பிளையரால் நசுக்கி மழித்துவிடுவார். அந்தக் கூர் இருந்தால் மீன் நழுவாது. ஆனால் நரம்பு அறுந்தால் முள்ளும் மீனை விட்டு நழுவாது. வாயில் முள்ளோடு போன விரால் இரை எடுக்க முடியாமல் நாள்கணக்கில் சாகும். நசுக்கிய முள்ளை அது உதறித் தள்ளிவிடும்.

"பாதி மீன் போயிடுமே" என்று நான் ஒருமுறை கேட்டேன்.

"போவட்டும். போன மீன் ஒயுங்கா போவணும்."

ஒரு நாள் எருமை மேய்க்கும் அக்கா ஒருவர் குதிகாலில் முள் ஏறி, நொண்டிக்கொண்டு கரைக்கு வந்தார். அவர் உட்கார்ந்து, அக்காவின் காலைத் தன் தொடைமேல் வைத்து, முள்ளை வந்த வழியே இழுக்காமல் முன்னோக்கித் தள்ளி, நுனி வெளியே வந்ததும் அதை வெட்டி எடுத்தார். அது யாரோ வெளியூர்க்காரர் போட்டது என்று பார்த்தாலே தெரியும். அத்தனை பெரிய முள்ளை எங்கள் ஊரில் யாரும் வைத்திருக்கவில்லை.

"உன்னாதாடா இது, பாவி?" என்றார் அக்கா.

"இந்த ஏரில ஒரு முள்ளு கெடந்தா என்னாது தாங்க்கா. மன்னிச்சிடு. டிடி ஊசி போட்டுக்கினு போ."

இந்தப் பதிலை நான் குறித்துவைத்துக்கொண்டேன். திருப்பதியில் நடந்த ஒரு கருத்தரங்கில், பொதுச் சொத்தின் மீதான பொறுப்புணர்வுக்கு உதாரணமாக மேடையிலேயே சொன்னேன். கைதட்டினார்கள். அவரைப் புரிந்துகொண்டுவிட்டதாக நினைத்தேன்.

அந்த எண்ணத்தில் விரிசல் விழுந்திருக்க வேண்டிய நாள் ஒன்று உண்டு. தடா பக்கம் உப்பங்கழியில் கொடுவா பிடிக்க என்னை அழைத்துப் போயிருந்தார். கொடுவா வேறு மாதிரி மீன். விரால் போல யோசிக்காது. அடித்த வேகத்தில் தண்ணீருக்கு மேலே துள்ளித் தலையை உதறும். நரம்பு தளர்ந்தால் முள்ளைத் துப்பிவிடும். நசுக்கிய முள்ளை வைத்துக்கொண்டு அதைப் பிடிப்பது ஏறக்குறைய முட்டாள்தனம். அவர் இரண்டைத் தவறவிட்டார். மூன்றாவதைக் கரையேற்றினார். அன்று முழுக்க வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். அப்படிச் சிரித்து எங்கள் ஏரிக்கரையில் நான் பார்த்ததில்லை. திரும்பும் வழியில் மணலில் இரண்டு முட்கள் கிடந்தன. அவர் தாண்டிப் போனார்.

"எடுக்கல?" என்றேன்.

"இங்க யாருபா என்ன வந்து கேக்கப்போறாங்க?" என்றார். நான் அதை வேடிக்கைப் பேச்சு என்று எடுத்துக்கொண்டேன்.

எங்கள் ஊரில் அவர் தெரு கிழக்குத் தெரு. ஒரு தலைமுறைக்கு முன்பு வரை நிலமில்லாத கூலிக் குடும்பங்கள். இப்போது சிலருக்குக் கொஞ்சம் நிலம் உண்டு. மற்றவர்கள் கம்பெனிக்கும் மாங்காய்க் கூழ் ஆலைக்கும் போகிறார்கள். என்னுடையது மேலத் தெரு. ஏரிப் பாசனம் பெரும்பாலும் எங்கள் நிலங்களுக்கே. அவருடைய நைனா காலத்தில், ஏரியில் மீன் பிடிக்கும் நாளில் வலை இழுக்கும் கைகள் கிழக்குத் தெருவுடையவை. மீன் பிடிக்கும் உரிமை மட்டும் அவர்களுக்கு இல்லை. சில வருடங்களுக்கு முன் ஊர்க் கூட்டத்தில் இவர்தான் எழுந்து, "வல வேணாங்க. தூண்டி போதும்" என்று கேட்டார். ஏரிக் கமிட்டி மூன்று நிபந்தனைகளோடு ஒப்புக்கொண்டது. வலை கூடாது. மழைக்காலத்தில் விரால் குஞ்சு பொரிக்கும் மாதங்களில் தூண்டிலும் கூடாது. இவை இரண்டும் ஊருக்கே பொது. மூன்றாவது நிபந்தனை கிழக்குத் தெருவுக்கு மட்டும். கமிட்டிச் செயலாளர் அதைத் தெலுங்கில் வாசித்தார். "ஒக்கடு தப்பு சேஸ்தே அந்தரிகீ பந்த்." ஒருவன் தப்புச் செய்தால் அத்தனை பேருக்கும் அனுமதி ரத்து.

அந்த அனுமதியால் கிழக்குத் தெருவில் பத்துப் பன்னிரண்டு வீடுகளில் வாரத்தில் ஒரு நாளாவது மீன் குழம்பு கொதித்தது. வயதான இரண்டு பெண்கள் தக்கை கட்டிய மூங்கில் கோலோடு மாலைவேளைகளில் மதகடியில் உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் அப்படி உட்கார்ந்திருப்பது ஊருக்குப் பழகிப்போயிருந்தது. பழகிப்போனது எதுவும் நிலையானது என்று நான் நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கை அவருக்கு ஒருநாளும் இருந்ததில்லை.

என் தவறு ஐப்பசியில் நடந்தது. புதிதாக ஒரு ரப்பர் தவளையை இணையத்தில் வரவழைத்திருந்தேன். பச்சை முதுகு, மஞ்சள் வயிறு, ஊசி போன்ற இரட்டை முள். நசுக்கவில்லை. மழை விட்ட ஒரு காலையில், எவ்வளவு தூரம் போகிறது என்று பார்ப்பதற்காக மட்டும் ஏரிக்குப் போனேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அல்லிப் படுகை ஓரத்தில் தண்ணீர் ஒரு தட்டு அகலத்துக்குக் கொதிப்பது போலச் சிலிர்த்துக்கொண்டிருந்தது. செந்நிற விரால் குஞ்சுகள், நூற்றுக்கணக்கில், மூச்செடுக்க ஒன்றாக மேலே வந்து ஒன்றாக இறங்கின. அவற்றின் அடியில் தாய் தகப்பன் காவல் நிற்கும். அந்த நேரத்தில் விரால் இரைக்காக அடிக்காது. குஞ்சுகளுக்கு நடுவில் எது வந்தாலும் கோபத்தில் அடிக்கும். ஆகவே அதைவிட எளிதான மீன் கிடையாது. அதனால்தான் அது தடை செய்யப்பட்டிருந்தது. இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல வழியில்லை.

ஒருமுறை மட்டும் என்று எறிந்தேன். குஞ்சுக் கூட்டத்தின் நடுவே தவளையை இழுத்தேன். தண்ணீர் வெடித்தது. என் கையளவு தடிமன் உள்ள விரால் கோரைவேருக்குள் பாய்ந்தது. பதற்றத்தில் நரம்பு ஓடாதபடி ரீலின் பிடியை முழுவதும் இறுக்கினேன். அவசரத்தில் போட்டிருந்த முடிச்சு விட்டுப்போனது. தவளை மீனோடு போய்விட்டது. சிதறிய குஞ்சுகள் சிறிது நேரத்தில் அதே இடத்தில் மறுபடி கூடின. நான் கையைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். யாரிடமும் சொல்லவில்லை.

ஐந்தாம் நாள், அந்த ஞாயிறு, மீன் மதகடியில் ஒதுங்கியது. வாயோரத்தில் பச்சைத் தவளை. செயலாளர் எனக்கு முறையில் மாமா. அவர் மீனைக் கல்மேல் போட்டுவிட்டு, "யாரு முள்ளு இது?" என்று கேட்டார். இரு தெருக்காரர்களும் கூடியிருந்தார்கள்.

"வேற யாரு? கெழக்குத் தெரு தான். எடம் குட்தா மடத்த புட்ங்குவாங்கன்னு அன்னிக்கே சொன்னேன்" என்றார் எங்கள் தெருக்காரர் ஒருவர்.

"எங்காளுங்க யாரும் ஐப்பசில கோல் எடுக்கலங்க" என்றார் மூங்கில் கோல் வைத்திருக்கும் பெண்களில் மூத்தவர்.

"அப்ப முள்ளு வானத்துல இருந்து வுழுந்துதா?"

"சரி, பேசினு இருந்தா ஆவாது. தெருவுக்கே பந்த்" என்றார் மாமா. அந்த மூதாட்டி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழத்தொடங்கினார்.

அப்போது அவர், என் பள்ளித் தோழர், முன்னே வந்தார். குனிந்து, மீனின் தாடையைத் திறந்து, முள்ளின் நுனியைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். நசுக்காத கூர் விரலில் தட்டியிருக்கும். நிமிர்ந்தார். என் பக்கம் திரும்பவில்லை.

"முள்ளு என்னாதுங்க. தெருவுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. நான் ஒருத்தன் தான் வந்து போட்டேன். என்ன மட்டும் நிறுத்திடுங்க. தெருவ உட்ருங்க."

இனி அவர் அந்த ஏரியில் தூண்டில் போடக்கூடாது என்று கமிட்டி நோட்டில் அவர் பெயரோடு எழுதப்பட்டது. அவரே முன்வந்து ஒத்துக்கொண்டதால் மூன்றாவது நிபந்தனையை மாமா வற்புறுத்தவில்லை. கிழக்குத் தெருவின் அனுமதி தப்பியது. நான் நின்ற இடத்திலேயே நின்றேன். சொன்னால் என் நைனாவுக்கு அவமானம் என்று நினைத்தேன். என் வேலைக்கு இழுக்கு என்று நினைத்தேன். இப்போது சொன்னால் அவர் பொய் சொன்னதாகிவிடுமே என்றுகூட நினைத்தேன். கோழைத்தனம் எத்தனை நியாயமான காரணங்களோடு வரும் என்பதை அன்று கண்டேன்.

மறுநாள் காலை கம்பெனிப் பேருந்துக்கு அவர் நிற்கும் இடத்துக்குப் போனேன்.

"என்னாதுன்னு உனக்குத் தெரியும் தான?"

"தெரியாம? நீ தான போன்ல காட்டின, பச்ச தவள."

"அப்பறம் ஏன் என் பேர சொல்லல?"

"நான் சொல்லி இருந்தா, முள்ளு யார்துன்ற பேச்சே போயிருக்கும்பா. கெழக்குத் தெருக்காரன் மேலத் தெருப் புள்ள மேல பழி போட்டுட்டான்னு தான் பேச்சு வந்திருக்கும். நீயே சொல்லுவன்னு கொஞ்ச நேரம் பாத்தேன். அப்பறம் பெரியம்மா அழ ஆரம்பிச்சுட்டாங்க." பேருந்து வந்தது. ஏறிக்கொண்டார்.

அன்று மாலையே மாமா வீட்டுக்குப் போனேன். களத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். "மாமா, அந்த முள்ளு என்னாது" என்றேன்.

"தெரியும் மாப்ள."

என்னை உட்காரச் சொல்லிவிட்டுத் தொடர்ந்தார்.

"அவன் முள்ள நான் பாத்தது இல்லயா? ஒண்ணு விடாம நசுக்கி வெச்சிருப்பான். இது புத்தம் புதுசு. இந்த ஊர்ல அப்பிடி ஷோக்குத் தவள வாங்கறது யாரு?"

"தெரிஞ்சும் ஏன் அவர் பேர எழுதினீங்க?"

"அவனே ஒத்துக்கினான். நான் இன்னா பண்றது? வுடு மாப்ள, பரவாலேது. படிச்ச புள்ள, ஏதோ ஆசைல போட்டுட்ட. இனிமே போடாத. ஒரு கொர்ரமீனு செத்தா ஏரி வத்திடுமா? ரெண்டு மூணு மாசம் போவட்டும், அவன் பேர அடிச்சிடலாம்."

இதை நல்ல செய்தி என்று எண்ணி, அடுத்த ஞாயிறு அவர் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். என் அறிவின் எல்லை அவ்வளவுதான். அவர் வாசலில் உட்கார்ந்து ஷூவைத் துடைத்துக்கொண்டிருந்தார். கோபப்படவில்லை.

"நான் ஒத்துக்கினா தட. நீ ஒத்துக்கினா பரவாலேது. நல்லா இருக்குபா உங்க நியாயம்" என்றார். பிறகு, "என் பேர அடிக்க வேணாம்னு சொல்லு. அடிச்சா மன்னிச்சு உட்டதா ஆயிடும். மன்னிக்கற மாதிரி நான் இன்னா பண்ணேன்?"

"பின்ன நான் இன்னா பண்ணட்டும்?"

"நடந்தத எழுதச் சொல்லு. முடிஞ்சா."

அவருடைய குணம் என்று நான் மேடையில் புகழ்ந்தது உண்மையில் என்ன என்பது அன்று எனக்கு விளங்கியது. அந்த ஏரியில் யார் முள் கிடந்தாலும் அது கிழக்குத் தெருவின் தலையில்தான் வந்து விழும் என்று அவருக்கு அனுமதி கிடைத்த நாளிலிருந்தே தெரியும். ஆகவே அத்தனை முள்ளையும் மற்றவர் கண்ணில் படும் முன்பே பொறுக்கினார். மழித்த முட்களைச் செயலாளர் பார்க்கும்படி வைத்தார். தனக்குத் தொடர்பில்லாத காயத்துக்கு மன்னிப்புக் கேட்டார். அதை நான் பொறுப்புணர்வு என்றேன். அது ஒரு தெருவின் பயத்தை ஒருவர் தனியாகச் சுமந்து நடந்தது.

அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் எழுந்து சொன்னேன். எழுத மறுத்தார்கள். அதற்கடுத்த கூட்டத்திலும் சொன்னேன். நைனா பாதியில் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார். மாமா என்னைத் தனியே அழைத்து, "யாரு உன்ன தூண்டி உட்டது?" என்று கேட்டார். பழி மறுபடி என் தோழர் பக்கமே திரும்பப்போகிறது என்று அஞ்சினேன். தை மாதம் நடந்த மூன்றாவது கூட்டத்தில், அதுவரை பின்னால் நின்றிருந்த அந்த மூதாட்டி முன்னே வந்தார்.

"ஒருத்தன் தப்பு பண்ணா தெருவே நிக்கணும்னு எழுதினீங்க. இப்ப இந்தப் புள்ள தன்னாதுன்னு மூணு தபா சொல்லிக்கினு கீது. மேலத் தெரு மொத்தத்தையும் எப்போங்க நிறுத்தப்போறீங்க?"

மேலத் தெருவை நிறுத்த ஒருவருக்கும் மனம் இல்லை. நிறுத்தாமல் விட்டால் அந்த நிபந்தனையை வைத்திருக்கவும் வழி இல்லை. கடைசியில் மாமா பேனாவை எடுத்தார்.

என் தோழர் பெயரிலிருந்த தீர்மானம் தவறாக எழுதப்பட்டது என்று குறித்து நீக்கப்பட்டது. மூன்றாவது நிபந்தனையும் நீக்கப்பட்டது. அந்தச் செய்தியை நான் போனில் சொன்னபோது அவர், "சரிபா, பெரியம்மாகிட்ட சொல்லிடு" என்று மட்டும் சொன்னார். அந்தச் சித்திரையில் குடும்பத்தோடு தடாவுக்கே வீடு மாறிப் போனார். நான் இரண்டு முறை அங்கே போய்ப் பார்த்தேன். டீ வாங்கிக் கொடுத்தார். மீன் பிடிக்கக் கூப்பிடவில்லை. நானும் கேட்கவில்லை.

கிழக்குத் தெருவினர் இப்போதும் எங்கள் ஏரியில் தூண்டில் போடுகிறார்கள். நான் போடுவதில்லை. கமிட்டி நோட்டில் தவறு செய்தவரின் பெயரை மட்டுமே எழுதுகிறார்கள். அப்படி எழுதப்பட்ட முதல் பெயர் என்னுடையது.